உதடு ஒட்டவில்லை, ஷாட் மாறிவிட்டது, டைம்லைன் சிவப்பாகிவிட்டது: எடிட் அறையில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

எடிட் அறையில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாலிகிராமம், வடபழனி பக்கம் நான் வேலை பார்த்த அறைகளில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு." பெரும்பாலும் நேற்றும் நன்றாக இருந்திருக்காது. படப்பிடிப்பின் முதல் நாளில் கேமராவிலோ ரெக்கார்டரிலோ தவறாக வைத்த ஓர் எண், மூன்று மாதம் கழித்து டிஐ அறையில்தான் (வண்ணம் சரிசெய்து இறுதிப் படம் உருவாக்கும் இடம்) கண்ணில் படும். அதனால் கோளாறு தெரிகிற இடத்திலேயே ஒட்டுப்போட்டுவிட்டு நகராதீர்கள். அது எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

எதைத் தொடும் முன்பும் ப்ராஜெக்ட்டை ஒரு நகல் எடுத்து வேறு வட்டில் வைத்துவிடுங்கள். எந்த ரீல், எந்த ஷாட், எந்த டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள மணி:நிமிடம்:விநாடி:ஃப்ரேம் எண்) என்று ஒரு தாளில் குறியுங்கள். "அங்கங்கே வருது" என்ற தகவலை வைத்து ஒரு கோளாறையும் பிடிக்க முடியாது.

உதடு ஒட்டவில்லை

எங்கள் வேலையில் அதிகம் வரும் புகார் இது. பலர் உடனே ஒலியை இரண்டு ஃப்ரேம் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் விலகல் எந்த வகை என்று பாருங்கள். மூன்றே வகைதான்.

முதல் வகை: படம் முழுக்க, எந்த ஷாட்டிலும், ஒரே அளவு விலகல். இதில் உங்கள் டைம்லைனில் தவறே இல்லாமல் இருக்கலாம். டைரக்டர் பார்க்கும் பெரிய டிவி, படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சில ஃப்ரேம் தாமதிக்கும். ஒலியோ தனி ஸ்பீக்கரில் உடனே வந்துவிடும். கணினியின் சொந்தத் திரையில் பாருங்கள். அங்கே ஒட்டினால் டிவியில் கேம் மோட் போடுங்கள், அல்லது மென்பொருளில் வெளித்திரைக்கான தாமத அளவைச் சரிசெய்யுங்கள். டைம்லைனில் எதையும் நகர்த்த வேண்டாம்.

இரண்டாம் வகை: ஒரு டேக்குக்குள் விலகல் மாறாது, ஆனால் டேக்குக்கு டேக் அளவு வேறாக இருக்கும். காலையில் எடுத்தவை ஒட்டும். மதியத்துக்குமேல் எடுத்தவை ஒட்டாது. இது டைம்கோடு நழுவல். கேமராவின் கடிகாரமும் ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரமும் காலையில் ஒன்றாக்கப்பட்டு, அப்புறம் பேட்டரி மாற்றியபோது மறுபடி ஒன்றாக்கப்படவில்லை. டைம்கோடை நம்பித் தானாக சிங்க் செய்ததை (படத்தோடு ஒலியை ஒட்டியதை) விட்டுவிட்டு, அந்த நாளின் டேக்குகளை கிளாப் பலகையை வைத்துக் கையால் சிங்க் செய்வதுதான் நம்பகமான வழி.

கிளாப்பில் சிங்க் செய்யும்போது ஒரு நுணுக்கம். மேல் கட்டை இறங்கும்போது கலங்கலாகத் தெரியும் ஃப்ரேம்களை விட்டுவிடுங்கள். கட்டை கீழே முட்டி, கோடுகள் தெளிவாகத் தெரியும் முதல் ஃப்ரேமைப் பிடியுங்கள். ஒலி அலையில் செங்குத்தாக எழும் முனை அந்த ஃப்ரேமுக்குள் விழ வேண்டும். சில டேக்கில் கட்டை முட்டும் கணம் இரண்டு ஃப்ரேமுக்கு இடையே விழுந்திருக்கும். அப்போது கட்டையை மட்டும் நம்பாமல் வசனத்தில் ப, ம எழுத்து வரும் இடத்தைப் பாருங்கள். உதடு மூடித் திறந்தால்தான் அந்த எழுத்துகள் பிறக்கும். "அம்மா" என்ற ஒரு சொல் கிடைத்தால் போதும்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது: டேக் தொடக்கத்தில் ஒட்டும், போகப்போக விலகும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் விலகலை அளந்தாலே காரணம் தெரிந்துவிடும். 4 நிமிட டேக்கின் முடிவில் ஏறத்தாழ 6 ஃப்ரேம் விலகினால், விநாடிக்கு 24 ஃப்ரேமுக்கும் 23.976 ஃப்ரேமுக்கும் உள்ள குழப்பம். இரண்டுக்கும் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 3.6 விநாடியாகிவிடும். 10 விநாடிக்குள்ளேயே 10 ஃப்ரேம் போய்விட்டால் 24-க்கும் 25-க்கும் குழப்பம். குரலே தடித்து, இழுத்து ஒலித்தால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலியை ஏதோ ஒரு கருவி 44.1 என்று எண்ணிக்கொண்டு ஓட்டுகிறது.

நம் ஊரில் தியேட்டருக்குப் போகும் டிசிபி என்ற இறுதிக் கோப்பு பொதுவாக 24-தான். 23.976 தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. ஆனால் பல கேமராக்களின் மெனுவில் 23.98 என்று முதலில் நிற்கும். அவசரத்தில் அதையே தட்டிவிடுவார்கள். எடிட் மென்பொருளிலும் அதே கதைதான். ஏவிட் மீடியா கம்போசரில் ப்ராஜெக்ட் உருவாக்கும்போது தேர்ந்த ஃப்ரேம் ரேட்டை அப்புறம் மாற்ற முடியாது. டாவின்சி ரிசால்விலும் முதல் டைம்லைன் உருவான பிறகு ப்ராஜெக்ட்டின் ரேட் பூட்டிக்கொள்ளும். தவறு தெரிந்த அன்றே புது ப்ராஜெக்ட் போடுங்கள். பாதி படம் வெட்டியபின் மாறுவதைப்போல் துன்பம் வேறில்லை. கேமரா மட்டும் 23.976-இல் ஓடியிருந்தால், அந்தக் கோப்புகளை 24 என்று எடுத்துக்கொள்ளச் செய்து, ஒலியை அதே விகிதத்தில், அதாவது 100.1 விழுக்காடு வேகத்தில் ஓட்டுங்கள். காதுக்கு வேறுபாடு தெரியாது. எந்த நாள், எந்த ரோல் என்று எழுதிச் சவுண்ட் துறைக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் மூல ஒலியை எடுத்துப் போடும்போது எல்லாம் மறுபடி விலகும்.

பாட்டில் மட்டும் உதடு ஒட்டவில்லை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் பாடல்களில் பலவற்றை 48 ஃப்ரேமில் எடுப்பார்கள். தளத்தில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, நடிகர் அதே வேகத்தில் பாடுவார். 24-இல் ஓட்டும்போது புடவை காற்றில் மெதுவாக மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும்.

கேமராவின் அடிப்படை வேகம் 24, சென்சார் வேகம் 48 என்று வைத்து எடுத்திருந்தால் கோப்பைப் போட்டவுடன் மெதுவாகவே ஓடும், சிக்கல் இல்லை. சிறிய மிரர்லெஸ் கேமராவில் எடுத்த துண்டுகள்தான் படுத்தும். கோப்பே 50 ஃப்ரேம் என்று பதிவாகியிருக்கும். மென்பொருள் அதை நிஜ வேகத்தில் ஓட்டுவதற்காகப் பாதி ஃப்ரேமை விட்டுவிடும், நடிகர் கிளிபோலப் படபடவென்று பாடுவார். ப்ரீமியரில் 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்', ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' போய் 24 என்று மாற்றுங்கள்.

மாற்றினால் மெதுவாகும், ஆனாலும் முழுதாக ஒட்டாது. 50-ஐ 24-இல் ஓட்டினால் இரண்டு மடங்கைவிடச் சற்று அதிகமாக மெதுவாகிறது. 10 விநாடியில் 10 ஃப்ரேம் பின்தங்கும். அந்தத் துண்டுக்கு 104.17 விழுக்காடு வேகம் கொடுங்கள். 25 ஃப்ரேமுக்கு ஒன்று விடுபடும், அவ்வளவுதான். கேமரா பக்கவாட்டில் சீராக நகரும் ஷாட்டாக இருந்தால் அந்த ஒரு ஃப்ரேம் விடுபடுவது கண்ணை உறுத்தும். அங்கே மட்டும் ஆப்டிகல் ஃப்ளோ (இடை ஃப்ரேம்களை மென்பொருளே உருவாக்கும் முறை) போட்டுப் பாருங்கள். கை, விரல், வளையல் ஓரங்கள் நெளிகிறதா என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்துவிட்டு வையுங்கள்.

டைம்லைன் முழுக்க 'மீடியா ஆஃப்லைன்'

பயப்பட வேண்டாம், கோப்பு பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. மென்பொருளுக்கு முகவரி மறந்துவிட்டது. விண்டோஸ் என்றால் முதலில் வட்டின் எழுத்தைப் பாருங்கள். நேற்று இ, இன்று எஃப் என்று மாறியிருக்கும். பழைய எழுத்தையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஏவிட்டில் கதை வேறு. அது கோப்புகளை வட்டின் முதல் அடுக்கிலுள்ள 'ஏவிட் மீடியாஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள், 'எம்எக்ஸ்எஃப்' என்பதற்குள், எண் பெயருள்ள ஃபோல்டர்களில்தான் தேடும். யாராவது ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதை 'படத்தின் பெயர்' என்ற ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் சிவப்பாகிவிடும். திரும்ப வெளியே எடுத்து வையுங்கள். இடம் சரியாக இருந்தும் வராவிட்டால், எண் ஃபோல்டருக்குள் எம்டிபி, பிஎம்ஆர் என்று முடியும் இரண்டு சிறு கோப்புகள் இருக்கும். அவை வெறும் அட்டவணை. அந்த இரண்டை மட்டும் அழித்துவிட்டு ஏவிட்டை மறுபடி திறந்தால் அது முழு ஃபோல்டரையும் படித்துப் புதிய அட்டவணை போட்டுக்கொள்ளும். படமும் ஒலியும் இருப்பது எம்எக்ஸ்எஃப் கோப்புகளில்தான், அவற்றின் மீது மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

படம் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது

பெரும்பாலும் கேபிள், அல்லது கோடெக் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை). யூஎஸ்பி 3 வட்டை யூஎஸ்பி 2 கேபிளிலோ பழைய ஹப்பிலோ செருகினால் விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. வெளியே பார்த்தால் எல்லா கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து வேகத்தைப் பாருங்கள். கேபிள் சரியென்றால் என்ன கோப்பை ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். எச்.264, எச்.265 கோப்புகளில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முந்தைய, பிந்தைய ஃப்ரேம்களைச் சார்ந்தே நிற்கும். ஒரு கட் இருக்கும் இடத்தில் போய் நிற்க மென்பொருள் முன்னும் பின்னும் ஓடி அவற்றைப் படிக்க வேண்டும். டிஎன்எக்ஸ்எச்டி 36 அல்லது ப்ரோரெஸ் ப்ராக்ஸிக்கு (எடிட் செய்வதற்கான இலகுவான நகல்) மாற்றிவிடுங்கள். டிஎன்எக்ஸ்எச்டி 36 ஒரு மணி நேரத்துக்கு 16 ஜிபி-தான் பிடிக்கும். 100 மணி நேர ரஷஸ் (படப்பிடிப்பில் எடுத்த மொத்தக் காட்சிகள்) 2 டிபி வட்டில் அடங்கிவிடும். வட்டை மட்டும் விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

ப்ராஜெக்ட் திறக்கவில்லை, 'பின்' (bin) திறக்கவில்லை

பின் என்பது கிளிப்புகளையும் கட்டுகளையும் அடுக்கி வைக்கும் தொகுப்பு. ஏவிட்டில் 'ஆட்டிக்' ஃபோல்டரில் ஒவ்வொரு பின்னின் பழைய பிரதிகளும் எண்ணோடு இருக்கும். தேவையானதை அங்கேயே திறக்காமல் வெளியே நகலெடுத்து, பெயரை மாற்றித் திறங்கள். பின் பூட்டியிருக்கிறது என்று காட்டினால், முந்தைய கணினி நடுவில் அணைந்து பூட்டு எஞ்சியிருக்கலாம். வேறு யாரும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுவிட்டுப் பூட்டுக் கோப்பை அழியுங்கள். ப்ரீமியரில் ஆட்டோ சேவ் ஃபோல்டர். திறக்காத ப்ராஜெக்ட்டைப் புதிய காலி ப்ராஜெக்ட்டுக்குள் இம்போர்ட் செய்தும் பாருங்கள். பல நேரம் வந்துவிடும்.

ரிசால்வில் ஒன்று நினைவிருக்கட்டும். ப்ராஜெக்ட் உங்கள் ரஷஸ் வட்டில் இல்லை, கணினியின் டேட்டாபேஸில் இருக்கிறது. வட்டை மட்டும் எடுத்துக்கொண்டு டிஐ-க்குப் போய் வெறுங்கையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்து வட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

டிஐ-யில் கான்ஃபர்ம் செய்தால் வேறு ஷாட் வருகிறது

கான்ஃபர்ம் என்றால் எடிட்டின் பட்டியலைப் பார்த்து மூலக் கோப்புகளை அதே வரிசையில் மறுபடி அடுக்குவது. நான் அசிஸ்டென்டாக இருந்த இரண்டாவது படம். பஸ் ஸ்டாண்டில் கதாநாயகி திரும்பிப் பார்க்கும் குளோசப் ஒன்று. எடிட்டில் அவர் திரும்புவார், கண் நிறைந்திருக்கும், கட். டிஐ திரையில் அந்த இடத்தில் ஒரு காலி ரோடும் அதில் பின்னோக்கிப் போகும் ஓர் ஆட்டோவும் வந்தன. நீளம் சரி, டைம்கோடு சரி, பெயரும் சரி. ஷாட் மட்டும் வேறு. எடிட்டர் எதுவும் சொல்லவில்லை, என்னைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து தேடியதில் 11 ஷாட் அப்படி மாறியிருந்தன. பதினொன்றும் ஒரே வாரத்தில் எடுத்தவை.

காரணம் எளிது. அந்த வாரம் இரண்டாம் யூனிட் ஒன்று தனியாகப் போயிருக்கிறது. அவர்கள் கேமராவுக்கும் ஏ என்றே பெயர். இரண்டு யூனிட்டிலும் மூன்றாவது ரோல், பன்னிரண்டாவது கிளிப் என்றால் இரண்டும் ஏ003சி012. முழுப் பெயரில் அதற்குப் பின் தேதியும் கேமராவின் அடையாளமும் தொடர்ந்து வரும், அவை வேறுதான். ஆனால் நான் அனுப்பியது பழைய சிஎம்எக்ஸ் 3600 வகை ஈடிஎல் (கட்டுகளின் எழுத்துப் பட்டியல்). அதில் ரீல் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். எட்டாவது எழுத்தோடு வெட்டினால் இரண்டு கிளிப்பும் ஒன்றுதான். இரண்டு கேமராவும் நிஜ நேரத்தையே டைம்கோடாகப் பதிந்ததால் அதுவும் காப்பாற்றவில்லை.

இது வந்தால் செய்ய வேண்டியவை. ஈடிஎல்-ஐ 32 அல்லது 129 எழுத்து ஏற்கும் வகையில் மறுபடி எடுங்கள், அல்லது ஏஏஎஃப், எக்ஸ்எம்எல் வகைப் பட்டியலாக அனுப்புங்கள். சிஎம்எக்ஸ் 3600-இல் ஒரு பட்டியலுக்கு 999 கட் என்ற வரம்பும் உண்டு, அதனால் ரீல் ரீலாகப் பிரித்தே அனுப்புங்கள். ட்ரோன், ஆக்‌ஷன் கேமரா கோப்புகள்தான் அடுத்த குற்றவாளிகள். பல நேரம் ஒவ்வொரு கார்டிலும் 0001-இலிருந்து பெயர் தொடங்கும், டைம்கோடும் பெரும்பாலும் பயன்படாது. அவற்றை ப்ராக்ஸி செய்வதற்கு முன்பே, மூலத்திலேயே, நாளும் கார்டு எண்ணும் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். ப்ராக்ஸி போட்டபின் மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும். ஆனால் ரெட், ஆரி, சோனி சினிமா கேமராக்களின் மூலப் பெயரை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

அப்புறம், கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் கண் சோர்ந்துவிடும். எடிட் அறையிலிருந்து டைம்கோடு எரித்த ஒரு ரெஃபரன்ஸ் வீடியோ கொடுத்து, அதை கான்ஃபர்ம் மேல் 'டிஃபரன்ஸ்' கலப்பில் போடச் சொல்லுங்கள். ஒட்டும் ஷாட்டெல்லாம் கிட்டத்தட்ட கறுப்பாகும். அசைவுள்ள ஷாட் ஒரு ஃப்ரேம் நழுவினாலும் ஓரங்கள் வெள்ளைக் கோடாக எழும். வேகம் மாற்றிய ஷாட், ஜூம் செய்து ஃப்ரேமிங் மாற்றிய ஷாட், தலைகீழாக ஓட்டிய ஷாட் மூன்றும் பட்டியல்களில் அடிக்கடி தொலைந்துபோகும். அவற்றைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் இன்றும் கையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

மிக்ஸிங்கிலிருந்து வந்த ஒலி ஒட்டவில்லை

இதற்குத்தான் பாப், அதாவது ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்கான சிறு பீப், இருக்கிறது. முதல் ரீல் 01:00:00:00-இல் தொடங்கி, லீடர் (படத்துக்கு முன் வரும் எண்ணிக்கைப் பகுதி) முடிந்து படம் 01:00:08:00-இல் வருகிறதென்றால் 01:00:06:00-இல் ஒரு ஃப்ரேம் நீள பீப் இருக்க வேண்டும். ரீலின் கடைசி ஃப்ரேமுக்கு இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. இரண்டு பாப்பும் ஒரே அளவு தள்ளி இருந்தால் தொடக்கம் நழுவியிருக்கிறது, நகர்த்தினால் போதும். முன் பாப் சரி, பின் பாப் மட்டும் தவறு என்றால், மேலே சொன்ன வளரும் விலகலா, அல்லது எடிட்டை லாக் செய்தபின் யாராவது நடுவில் ஒரு ஷாட்டைச் சுருக்கிவிட்டார்களா என்று பாருங்கள். ரீலின் நடுவே நான்கைந்து இடத்தில் சோதித்தால் தெரிந்துவிடும். விலகல் ஓரிடத்தில் திடீரென்று தொடங்கி அப்படியே நின்றால் கட் மாறியிருக்கிறது. பெரும்பாலும் தணிக்கைக்குப் பிறகு செய்த வெட்டு ஒலி அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

நிறம் மாறித் தெரிகிறது

கறுப்பு சாம்பலாக, படம் முழுக்க வெளிறி இருந்தால் லீகல் அளவில் (வீடியோவுக்கான குறுகிய வெளிச்ச அளவு) உள்ள கோப்பை ஃபுல் (முழு அளவு) என்று படிக்கிறார்கள். நிழலெல்லாம் கறுப்பில் மூழ்கி, வெள்ளை வெடித்திருந்தால் அதற்கு நேர்மாறு. மேக்கில் க்விக்டைம் பிளேயரில் மட்டும் வெளிறினால் அது அந்தப் பிளேயர் காமாவைப் படிக்கும் முறை, கோப்பில் குற்றமில்லை. அந்த ஒரு பிளேயரைத் திருப்திப்படுத்த கிரேடை (வண்ண வேலையை) தொடச் சொல்லாதீர்கள்.

ஷாட் பாதியில் நிற்கிறது, வட்டு சத்தம் போடுகிறது

ரெட் கேமரா நீண்ட டேக்கை ஏறத்தாழ 4 ஜிபி துண்டுகளாகப் பிரித்துப் பதியும். ஒரு துண்டு நகலில் விடுபட்டால் டேக் பாதியில் முடிந்துவிடும். கார்டின் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே எடுக்க வேண்டும், உள்ளிருந்து கிளிப்பை மட்டும் பொறுக்கக் கூடாது. நகல் எடுக்க வெறுமனே இழுத்துப் போடுவதும் போதாது. செக்சம் (மூலமும் நகலும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் கருவி வேண்டும். ரிசால்வின் மீடியா பக்கத்திலுள்ள 'க்ளோன் டூல்' இலவசப் பதிப்பிலேயே அதைச் செய்கிறது. இரண்டு வட்டில் சரிபார்த்த நகல் இருக்கிறது என்று எழுத்தில் பதியும்வரை கார்டைக் கேமரா துறைக்குத் திருப்பித் தராதீர்கள். அவசரப்படுத்துவார்கள். தராதீர்கள்.

வட்டு டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கினால் உடனே முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றிவிடுங்கள். ரிப்பேர் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இன்னும் கீறலாம். இரண்டாவது நகலை எடுங்கள். அதைச் செருகும் முன், அதிலிருந்து மூன்றாவது நகல் எடுக்க ஒரு காலி வட்டைத் தயாராக வையுங்கள். அந்தப் பிரதி முடிந்து செக்சம் ஒத்துப்போன பிறகுதான் டைம்லைனைத் திறக்க வேண்டும்.